ஒரே பெட்டியில் எல்லாம் அடங்குமா?

இரவு ஏழரை மணிக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லட்டுமா? பாட்டிக்குச் சீரியல் வேண்டும். பிள்ளைக்குக் கிரிக்கெட் வேண்டும். பெண்ணுக்குப் போன வாரம் பாதியில் விட்ட சினிமா வேண்டும்; ஆனால் அதை எந்த 'ஆப்'பில் பார்த்தோம் என்பது அவளுக்கு மறந்து போயிருக்கிறது. வீட்டுக்காரர் மேஜைமேல் கிடக்கும் மூன்று ரிமோட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அழுத்துகிறார். ஒன்று சத்தத்தைக் கூட்டுகிறது; ஒன்று படத்தை அணைத்துவிடுகிறது; மூன்றாவதில் பாட்டரியே இல்லை. கடைசியில் அடுப்பைத் தணித்துவிட்டு நீங்கள்தான் வரவேண்டியிருக்கிறது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் கடைக்காரர் ஒரு சின்னக் கருவியை எடுத்துக் காட்டுகிறார். கைவிரல் நீளம்தான் இருக்கும். "இதை டெலிவிஷன் முதுகில் செருகிவிடுங்கள், அம்மா! எல்லாம் ஒன்றாகிவிடும்" என்கிறார். விலையும் பயப்படும்படியாக இல்லை. அமேசான் கம்பெனி தன் 'ஃபயர் டி.வி. ஸ்டிக்'கை 2017 ஏப்ரலில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது 3,999 ரூபாய் என்று விலை வைத்தது. சுமாரான ஒரு பட்டுப் புடவைகூட அந்த விலைக்குக் கிடைக்காது. பிறகு கூகுளின் ஏற்பாட்டில் இயங்கும் பெட்டிகள், ஆப்பிளின் பெட்டி, டிஷ் கம்பெனிகளே தருகிற பெட்டிகள் என்று பல வந்துவிட்டன. வருஷா வருஷம் புதிதாக ஒன்று வருகிறது. ஒவ்வொன்றும் சொல்வது ஒரே மந்திரத்தைத்தான்: "இனி எல்லாம் ஒன்று!"

எல்லாம் ஒன்றாகுமா? அவசரக்காரர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிமோட் ஏறக்குறைய ஒன்றாகும். திரை ஒன்றாகும். தேடுகிற வேலை முக்கால்வாசி குறையும். பில் மட்டும் ஒன்றாகாது. ஏன் ஆகாது என்று கேட்கிறீர்களா? அதில்தான் விஷயமே இருக்கிறது.

முன்பு ஒன்றாகத்தானே இருந்தது?

சென்னையில் டெலிவிஷன் ஒளிபரப்பு ஆரம்பமானது 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி. அப்போது ஒரே தூர்தர்ஷன். எதைப் பார்ப்பது என்ற வழக்கே கிடையாது. போட்டதைப் பார்த்தோம். 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது, கேபிள் கம்பி மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவியது. 2003 செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் கட்டணச் சானல்களுக்கு வீட்டில் பெட்டி வைக்கவேண்டும் என்று சென்னையில் சட்டம் அமலாயிற்று. மற்றப் பெரிய நகரங்கள் தயங்கி நின்றபோது சென்னைதான் இதை முதலில் அனுபவித்துப் பார்த்தது. ஆகவே, டெலிவிஷன்மேல் இன்னொரு பெட்டி உட்காருகிற வைபவம் நமக்குப் புதிதல்ல.

அந்தப் பெட்டியை நாம் எவ்வளவோ திட்டியிருக்கிறோம். ஆனாலும் அதில் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது, இன்றும் இருக்கிறது. சன் டி.வி.யிலிருந்து விஜய்க்கும், விஜயிலிருந்து ஜீ தமிழுக்கும் போக ஓர் எண்ணை அழுத்தினால் போதும். பணம் ஒரே இடத்தில் கட்டினால் போதும். இது தானாக வந்த சௌகரியம் அல்ல. சானல் நடத்துகிறவர்கள், கேட்கிற எல்லாக் கேபிள்காரர்களுக்கும் டிஷ் கம்பெனிகளுக்கும் பாரபட்சம் இல்லாமல் தங்கள் சானலைக் கொடுத்தாக வேண்டும் என்று 'டிராய்' என்னும் அரசாங்க ஆணையம் 2004-ஆம் ஆண்டிலேயே விதி செய்துவிட்டது. "அவனுக்குத் தருவேன், இவனுக்குத் தரமாட்டேன்" என்பதற்கு அங்கே இடமில்லை.

இப்போது அதே மூன்று சானல்களின் சீரியல்களை இன்டர்நெட் வழியாகப் பார்க்கப் புறப்படுங்கள். சன் டி.வி. சீரியலுக்கு 'சன் நெக்ஸ்ட்'. விஜய் சீரியலுக்கு 'ஜியோஹாட்ஸ்டார்'. ஜீ தமிழ் சீரியலுக்கு 'ஜீ-5'. மூன்று ஆப், மூன்று சந்தா, மூன்று ரகசியச் சொல். பக்கத்துப் பக்கத்து எண்ணாக இருந்தவை மூன்று தனித்தனிக் கடைகளாகிவிட்டன. இந்தக் கடைகளைக் கட்டாயப்படுத்த 2004-ஆம் வருஷத்து விதி போன்ற ஒன்று கிடையாது. எந்தப் பெட்டிக்குள் வருவது, எவ்வளவு தூரம் வருவது, வந்த இடத்தில் என்ன சொல்வது, என்ன மறைப்பது எல்லாம் அவரவர் சௌகரியம்.

அப்படியென்றால் 'எல்லாவற்றையும் ஒன்றாக்கும் பெட்டி' என்பது ஓர் இயந்திரத்தின் சாமர்த்தியம் மாத்திரம் அல்ல. பல முதலாளிகளின் சம்மதம். அந்தச் சம்மதம் கிடைத்த கதையையும் கிடைக்காத கதையையும் பார்க்க, இந்தப் பெட்டிகள் பிறந்த அமெரிக்காவுக்குத்தான் போகவேண்டும்.

பெற்ற பிள்ளையை வெளியே அனுப்பிய கதை

2007-ஆம் வருஷம் நெட்ஃபிளிக்ஸ் கம்பெனிக்குள்ளேயே ஒரு பெட்டி ரகசியமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. அதைச் செய்துகொண்டிருந்தவர் ஆன்டனி வுட் என்பவர். வேலை ஏறக்குறைய முடிந்துவிட்ட சமயத்தில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. 'நாமே பெட்டி விற்றால் மற்றப் பெட்டி செய்கிறவர்கள் நம்மைப் போட்டியாளராக அல்லவா நினைப்பார்கள்? தங்கள் பெட்டியில் நம்மைச் சேர்ப்பார்களா?' உடனே அந்த வேலையை நிறுத்திவிட்டு, பெட்டியையும் செய்தவரையும் வெளியே அனுப்பிவிட்டார். வுட் தம்முடைய கம்பெனியான ரோக்குவின் பெயரால் அதை 2008 மே மாதம் சுமார் 100 டாலர் விலைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானிய மொழியில் 'ரோக்கு' என்றால் ஆறு. அது அவர் ஆரம்பித்த ஆறாவது கம்பெனி! பெயர் வைக்கிற வேலையை இவ்வளவு சிக்கனமாக முடித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

முதலில் அந்தப் பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் ஒன்றுதான் தெரிந்தது. மறு வருஷம் அமேசான் சேர்ந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ரோக்கு செய்த புத்தி என்னவென்றால், அது யாரையும் கலக்கப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கட்டம். அதை அழுத்தினால் அந்தக் கம்பெனியின் வாசல். அவ்வளவுதான். முனிசிபல் மார்க்கெட்டில் கடை வாடகைக்கு விடுகிற மாதிரி.

கலக்கப் பார்த்தவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். 2010-ஆம் வருஷம் கூகுள் ஒரு ஏற்பாட்டைச் செய்தது. கேபிளில் வருவது, இன்டர்நெட்டில் வருவது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடலாம் என்பது அதன் வாக்குறுதி. இந்த ஏற்பாட்டை வைத்து லாஜிடெக் கம்பெனி 'ரெவ்யூ' என்ற பெட்டியை 299 டாலருக்கு விற்பனைக்கு விட்டது. கூடவே மடியில் வைத்துத் தட்டுவதற்கு ஒரு கீபோர்டு. வீட்டுக்கு வீடு வரவேற்புப் பிரமாதமாக இருக்கும் என்று எண்ணினார்கள். நடந்தது என்ன? ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. என்ற பெரிய டெலிவிஷன் கம்பெனிகளும் 'ஹுலு'வும் தங்கள் இன்டர்நெட் நிகழ்ச்சிகள் அந்தப் பெட்டியில் தெரியாதபடி கதவைச் சாத்திவிட்டன. கம்ப்யூட்டரில் இலவசமாகப் பார்க்க முடிந்த அதே நிகழ்ச்சியை, அந்தப் பெட்டி வழியாக டெலிவிஷனில் பார்க்க முடியவில்லை! இயந்திரத்தில் கோளாறு இல்லை, "எங்கள் சரக்கை வைத்து நீ கடை போடுவதா?" என்ற கோபம்தான். மறு வருஷம் ஒரு மூன்று மாதக் கணக்கில், விற்ற பெட்டிகளைவிடத் திரும்பி வந்த பெட்டிகள் அதிகம் என்று லாஜிடெக்கே ஒப்புக்கொண்டது. விலையை 99 டாலருக்கு இறக்கிப் பார்த்தார்கள். 2011 நவம்பரில், இதனால் பத்துக் கோடி டாலருக்குமேல் லாபம் போயிற்று என்று கம்பெனித் தலைவர் பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்.

முதலாளிகள் முறைத்துக்கொண்டால் கஷ்டப்படுவது பார்க்கிறவர்கள்தான் என்பதற்கு இன்னோர் உதாரணம். அமேசான் 2015-இல், கூகுளின் 'குரோம்காஸ்ட்'டையும் ஆப்பிளின் பெட்டியையும் தன் கடையில் விற்பதில்லை என்று தீர்மானித்தது. சண்டை முற்றியது. அமேசானின் ஃபயர் டி.வி.யிலிருந்து யூடியூபை 2018 ஜனவரி 1 முதல் எடுத்துவிடப் போவதாகக் கூகுள் அறிவித்தது. குழந்தைப் பாட்டுக்காக அந்தக் கருவியை வாங்கிய தாய்மார்கள் என்ன பாவம் செய்தார்கள்? சுற்றுவழியாக இன்டர்நெட் பக்கத்தைத் திறந்து சமாளித்தார்கள். யூடியூப் முறைப்படி அங்கே திரும்பி வந்தது 2019 ஜூலையில். ஒன்றரை வருஷம் கழித்து!

2020 மே மாதம் 'ஹெச்.பி.ஓ. மாக்ஸ்' ஆரம்பமானபோது இதே கூத்துதான். அமெரிக்காவில் மிக அதிகமாக இருந்த பெட்டிகள் ரோக்குவும் ஃபயர் டி.வி.யும், இரண்டிலும் அது இல்லை. பேரம் முடிந்து ஒன்றில் நவம்பரிலும் மற்றதில் டிசம்பரிலும் வந்து சேர்ந்தது.

அரசாங்கம் தலையிட்டால் என்ன என்று நினைப்பீர்கள். நினைத்தவர்கள் உண்டு. அமெரிக்கக் குடும்பங்கள் கேபிள் பெட்டிகளுக்கு வாடகையாக மட்டும் வருஷத்துக்கு சராசரி 231 டாலர் கட்டுகின்றன என்று கணக்குப் போட்டு, யார் செய்த பெட்டியிலும் கேபிள் நிகழ்ச்சிகள் தெரியவேண்டும் என்று அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் 2016 பிப்ரவரியில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கேபிள் கம்பெனிகளும் படக் கம்பெனிகளும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. ஆணையத்தின் தலைமை மாறிய கையோடு 2017 ஜனவரியில் திட்டம் மூட்டை கட்டப்பட்டது.

பற்று நோட்டு யார் கையில்?

இவ்வளவு சண்டைக்கும் அடியில் இருப்பது என்ன? நம் மளிகைக் கடைப் பற்று நோட்டுதான்!

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பெட்டியில் மைக் போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு ஒரு படத்தின் பெயரைச் சொல்கிறீர்கள். பெட்டியிடம் எல்லாக் கம்பெனிகளும் கொடுத்த சரக்குப் பட்டியல் இருக்கிறது. 'இது இன்ன ஆப்பில் இருக்கிறது' என்று காட்டி, அழுத்தினால் அந்த ஆப்பின் வாசலில் உங்களைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. இதற்குக் கம்பெனிகள் பெரும்பாலும் ஆட்சேபிப்பதில்லை. வாடிக்கையாளரை வாசலுக்கு அழைத்து வருகிற வண்டிக்காரனை எந்தக் கடைக்காரர் விரட்டுவார்?

ஆனால் பெட்டி இன்னொன்றும் செய்ய விரும்புகிறது. பாதியில் விட்ட படங்களையெல்லாம், அவை எந்த ஆப்பில் இருந்தாலும், ஒரே வரிசையில் காட்டவேண்டும் என்று விரும்புகிறது. நம் பெண்ணுக்கு வேண்டியதும் இதுதான். இதற்கு ஒவ்வொரு கம்பெனியும், 'இந்த வீட்டு அம்மாள் நேற்று இந்தப் படத்தில் நாற்பதாவது நிமிஷத்தில் நிறுத்தினார்' என்று பெட்டிக்காரரிடம் சொல்லியாக வேண்டும். அதாவது பற்று நோட்டைக் காட்டவேண்டும். அங்கேதான் முகம் சுருங்குகிறது. யாருக்கு என்ன பிடிக்கிறது என்ற கணக்குதான் அவர்களுடைய நிஜமான சொத்து. அதைப் பக்கத்துக் கடை நடத்துகிறவரிடமே கொடுப்பார்களா? ஆப்பிளும் படச் சந்தா நடத்துகிறது, அமேசானும் நடத்துகிறது, கூகுளுக்கு யூடியூப் இருக்கிறது. பெட்டி விற்பவர்கள் எல்லாருமே போட்டிக் கடைக்காரர்கள்தான்!

ஆப்பிள் கம்பெனி 2016 டிசம்பரில் எல்லா நிகழ்ச்சிகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நெட்ஃபிளிக்ஸ் அதில் சேரவில்லை. வருஷங்கள் ஓடின. 2025 பிப்ரவரியில் ஒரு நாள் நெட்ஃபிளிக்ஸ் படங்கள் அந்தப் பக்கத்தில் திடீரென்று தலை காட்டின. சமாதானம் ஆகிவிட்டது என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. "அது தவறுதலாக நடந்துவிட்டது" என்று சொல்லி நெட்ஃபிளிக்ஸ் கதவை மூடிவிட்டது. என் கேள்வி இதுதான்: தவறுதலாகவே ஒரே நாளில் செய்ய முடிந்த காரியத்தை, எட்டு வருஷமாக 'முடியாது' என்று யாராவது சொல்ல முடியுமா? முடியும், மனம்தான் இல்லை.

நம் ஊர்க் கணக்கு

நம் நாட்டில் சேர்க்கை நடக்கவில்லையா என்றால் நடந்தது. ஆனால் அதைச் செய்தது பெட்டி அல்ல. ரிலையன்ஸும் டிஸ்னியும் 2024 நவம்பரில் இந்தியாவில் உள்ள தங்கள் டெலிவிஷன் வியாபாரத்தை இணைத்தன. ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரி 14-ஆம் தேதி 'ஜியோஹாட்ஸ்டார்' என்று ஒன்றாயின. இரண்டு ஆப் ஒன்றாகிவிட்டது, நல்லதுதான். போட்டி இருந்த இடத்தில் போட்டி இல்லை என்பதையும் நாம் கவனிக்கவேண்டும்.

மற்றபடி சரக்கு சிதறித்தான் கிடக்கிறது. விஜய் நடித்து 2023-இல் வெளியான படங்கள் இரண்டு. 'வாரிசு' அமேசான் பிரைமுக்குப் போயிற்று; 'லியோ' நெட்ஃபிளிக்ஸுக்குப் போயிற்று. ஒரே வருஷம், ஒரே நடிகர், இரண்டு சந்தா! எந்தப் பெட்டி வாங்கினால் இது ஒன்றாகும்?

செலவு எவ்வளவு ஆகிறது என்று பென்சிலை எடுத்துக்கொண்டு பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் விலையைக் குறைத்தபோது, நடுத்தரத் திட்டத்துக்கு மாதம் 499 ரூபாய் வைத்தது; வருஷத்துக்கு 5,988 ஆகிறது. அதே மாதம் அமேசான் பிரைமின் வருஷச் சந்தா 999-லிருந்து 1,499-ஆக ஏறியது. ஜியோஹாட்ஸ்டார் தொடங்கிய சமயத்தில் அதன் 'சூப்பர்' திட்டம் வருஷத்துக்கு 899. மூன்றும் சேர்ந்தால் 8,386 ரூபாய். சன் நெக்ஸ்ட்டும் ஜீ-5-உம் இன்னும் சேரவில்லை. கேபிள் பணமும் இன்டர்நெட் பணமும் சேரவில்லை. பிரைமில் 2025 ஜூன் முதல் விளம்பரம் வேறு வர ஆரம்பித்தது. அது வேண்டாம் என்றால் வருஷத்துக்கு இன்னும் 699 கட்டு என்றார்கள். பெட்டியின் விலை இந்தக் கணக்கில் ஒரு மூலையில் அடங்கிவிடுகிறது, பார்த்தீர்களா? அதனால்தான் பெட்டியை மலிவாக விற்கிறார்கள்.

இங்கே பலர் ஏமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸில் 149 ரூபாய்க்கு ஒரு மாதத் திட்டம் உண்டு. அது டெலிபோனுக்கும் டாப்லெட்டுக்கும் மட்டுமே, டெலிவிஷனில் தெரியாது. பிள்ளையின் போனில் நன்றாக ஓடுகிறதே என்று நம்பி, பெட்டியை வாங்கி வந்து செருகிவிட்டு, "கருவி மோசம்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பிரயோஜனம் இல்லை. மற்றவற்றிலும் போனுக்கு மட்டுமான திட்டங்கள் இருக்கின்றன. பெட்டி வாங்குமுன் சந்தா எந்த வகை என்று பாருங்கள்.

பில்லையும் ஒன்றாக்குகிறோம் என்று டிஷ் கம்பெனிகளும் இன்டர்நெட் கம்பெனிகளும் முன்வந்திருக்கின்றன. டாடா ஸ்கை 2019-இல் 'பிஞ்ச்' என்று ஒரு கட்டைக் கொண்டுவந்தது. கம்பெனியின் பெயர் 2022 ஜனவரியில் டாடா ப்ளே என்று மாறியபோது நெட்ஃபிளிக்ஸ் சேர்ந்த கட்டுகளும் வந்தன. ஒரு மாதப் பணம், பல ஆப். எனக்குத் தெரிந்தவரையில் 'ஒன்றாக்குவது' என்ற வார்த்தைக்கு மிகக் கிட்டத்தில் வருவது இதுதான். ஆனால் கட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்பது அடிக்கடி மாறும். அன்றியும், இன்டர்நெட் பில்லோடு இலவசமாக வந்த ஆப்புக்கே தனியாகவும் சந்தா கட்டிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் ஏராளம். இந்த மாதம் ஒரு நாள் மத்தியானம் ஒதுக்கி, வீட்டில் யார் யார் எதற்குக் கட்டுகிறார்கள் என்று கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்களேன். ஒரே ஆப்புக்கு அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பணம் கட்டுவது வெளிவரும்!

சிக்கனமாக இருக்க விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மாதச் சந்தாவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் நெட்ஃபிளிக்ஸ் வைத்துக்கொண்டு, சேர்ந்துகிடப்பதைப் பார்த்து முடித்துவிட்டு நிறுத்திவிட்டால் 5,988 ரூபாய் 1,497 ஆகிவிடும். மிச்சம் 4,491. கம்பெனிக்காரர்கள் இந்த யோசனையை விளம்பரம் செய்யமாட்டார்கள்.

பாட்டியின் பக்கம்

வாங்குவது என்று தீர்மானித்துவிட்டீர்களா? முதலில் டெலிவிஷனின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஹெச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான ஓட்டை இருக்கவேண்டும். தமிழ்நாடு அரசாங்கம் 2006 முதல் இலவசமாகக் கொடுத்ததே, 14 அங்குலக் கலர் டெலிவிஷன், அது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிற வீடுகள் உண்டு. அதில் இது செருகாது. ஒரே ஓர் ஓட்டைதான் இருந்து, அதில் கேபிள் பெட்டி இருக்கிறதென்றால், இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகவேண்டிவரும். கருவிக்கு மின்சாரத்தைச் சுவர் பிளக்கிலிருந்து கொடுங்கள், டெலிவிஷனின் யூ.எஸ்.பி. ஓட்டையிலிருந்து எடுத்தால் பல சமயம் போதாமல் தானே அணைந்து அணைந்து எரியும்.

மூன்று ரிமோட் தொல்லைக்கு மருந்து அனேகமாக உங்கள் டெலிவிஷனிலேயே ஒளிந்திருக்கிறது. அந்த ஹெச்.டி.எம்.ஐ. கம்பி படத்தையும் ஒலியையும் மட்டும் கொண்டுபோவதில்லை. 'எழுந்திரு', 'தூங்கு', 'சத்தத்தைக் கூட்டு' என்ற உத்தரவுகளையும் கொண்டுபோகும். இந்த வசதிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. சாம்சங்கில் 'எனிநெட்', எல்.ஜி.யில் 'சிம்ப்லிங்க்', சோனியில் 'பிராவியா சிங்க்'. செட்டிங்ஸில் தேடி அதைத் திறந்துவிட்டால், சின்னக் கருவியின் ரிமோட்டை அழுத்தியதும் டெலிவிஷனும் கூடவே விழித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு டெலிவிஷன் ரிமோட்டை அலமாரியில் வைத்துவிடலாம், தொலைத்துவிட வேண்டாம்.

பாட்டியை மறந்துவிடாதீர்கள். சானல் எண்களை அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். கண்ணாடி இல்லாமலேயே இருட்டில் அழுத்துவார். சின்னக் கருவியின் ரிமோட்டிலோ எண்களே இருப்பதில்லை; ஒரு வளையம், நாலைந்து பொத்தான், சில கம்பெனிகளின் பெயர்ப் பொத்தான், அவ்வளவுதான். அந்தப் பெயர்ப் பொத்தான்கள் உங்கள் சௌகரியத்துக்காக வைக்கப்பட்டவை என்று நினைக்கிறீர்களா? அந்த இடத்துக்கு அந்தந்தக் கம்பெனிகள் பணம் கொடுக்கின்றன! எட்டு மணிச் சீரியலுக்காக, கட்டம் கட்டமாக நகர்ந்து, 'யார் பார்க்கிறீர்கள்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, உள்ளே போய்த் தேடு என்று எழுபத்தைந்து வயதில் அவரிடம் சொல்வது நியாயமில்லை. அவர் இருக்கிறவரையில் கேபிளையோ டிஷ்ஷையோ நிறுத்தாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். இளையவர்கள் ஒன்றாக்குவதாக நினைத்துச் செய்கிற ஏற்பாட்டில், வீட்டில் ஒருவர் மட்டும் ஒவ்வொரு நாளும் "யாராவது வந்து போட்டுவிடுங்களேன்" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிடுகிறார்.

கருவியைத் திறந்ததும் எதிரே பெரிதாகத் தெரிகிற படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தது என்று நினைக்கத் தோன்றும். கடைத்தெருவில் முன் கண்ணாடி அலமாரிக்கு வாடகை அதிகம் அல்லவா? இதுவும் அப்படித்தான். எல்லாக் கடைகளையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த பெட்டிக்காரர், எதை முன்னால் வைப்பது என்ற அதிகாரத்தையும் எடுத்துக்கொள்கிறார். நாம் எதைப் பார்க்கிறோம் என்ற கணக்கும் எங்கெங்கோ போகிறது. அமெரிக்காவில் 'விசியோ' என்ற டெலிவிஷன் கம்பெனி, 1 கோடியே 10 லட்சம் டெலிவிஷன்களில் வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்பதை அனுமதி கேட்காமலே குறித்துக்கொண்டதற்காக, 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. உங்கள் கருவியின் செட்டிங்ஸில் 'பிரைவசி' என்ற பகுதி இருக்கும். பிள்ளையை விட்டு அதைத் திறந்து, விளம்பரத்துக்காகக் கணக்கெடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

நடைபாதையிலும் இன்டர்நெட் கடைகளிலும் பெயர் தெரியாத பெட்டிகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. 'எல்லாச் சானலும் இலவசம்' என்று எழுதியிருக்கும். வேண்டவே வேண்டாம். அனுமதி முத்திரை இல்லாத அந்தப் பெட்டிகளில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை தெளிவான படத்தைத் தருவதில்லை. அதைவிட மோசம், கடையிலிருந்து வரும்போதே திருட்டு நிரல் உள்ளே உட்கார்ந்திருக்கும் இத்தகைய பெட்டிகளைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது. உங்கள் வீட்டு இன்டர்நெட்டைத் திருடர்கள் தங்கள் காரியத்துக்கு வழியாகப் பயன்படுத்திக்கொள்வார்கள்.

இன்டர்நெட்டில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு: நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறபடி, தெளிவான படத்துக்கு மணிக்கு 3 ஜி.பி. வரையிலும், மிகமிகத் தெளிவான '4 கே' படத்துக்கு 7 ஜி.பி. வரையிலும் செலவாகும். போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்துப் படம் பார்த்தால், இடைவேளைக்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடலாம்.

கடைசியாக, கிரிக்கெட் பிரியர்களுக்கு. கேபிளில் வருகிற ஆட்டத்தைவிட ஆப்பில் வருகிற ஆட்டம் பல வினாடிகள் பிந்தித்தான் வரும். சில சமயம் அரை நிமிஷம்கூட ஆகும். படத்தைத் துண்டு துண்டாக அனுப்பி, சேர்த்து வைத்துக் காட்டுகிற முறையினால் வருகிற தாமதம் இது. எவ்வளவு விலை கொடுத்துப் பெட்டி வாங்கினாலும் முழுவதும் போகாது. ஆகவே கடைசி ஓவரில் பந்து போடுகிறவர் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே, கேபிள் வைத்திருக்கிற பக்கத்து வீட்டில் "அவுட்!" என்று கூச்சல் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாருங்கள்.